எழுபது வளைவும் ஒரு சாக்பீஸும்

நாமக்கல்லுக்கு மூன்று பெருமைகள். முட்டை, 18 அடி ஆஞ்சநேயர், லாரி. முதல் இரண்டையும் தரிசித்தாயிற்று (முட்டையை ஆம்லெட்டாக!). மூன்றாவதைத் தேடிப் போக வைத்தது, மாமாவின் 15 வயசு பிக்கப்.

கொல்லிமலையில் அன்னாசியும் பலாவும் ஏற்றி வருவதாகத் திட்டம். சேலத்தில் கிளம்பினோம். பழைய என்.எச். 7, இப்போது 44. சாலை வழுவழுவென்று இருக்கிறது. ஆனால் வேகம் 60-ஐத் தாண்டியதும் வண்டிக்கு சாமி வந்துவிடும்! தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் என் சட்டைதான் குடித்தது.

"வயசாயிடுச்சு மாப்ளே, அப்படித்தான் ஆடும்" என்றார் மாமா. அந்த ஆட்டத்துக்காகப் பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் புஷ், வீல் அலைன்மென்ட் என்று ஏற்கெனவே ஆறாயிரத்துச் சொச்சம் செலவழித்தவர் அவர்.

நாமக்கல் பட்டறைப் பக்கம் போனால் லாரிகள் பிறக்கும் இடத்தைப் பார்க்கலாம். வெறும் சேஸிஸாக ஒன்று, பாதி கேபினோடு ஒன்று, பெயின்ட் காயாமல் பளபளவென்று ஒன்று. வெல்டிங் பொறிக்கு நடுவே ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மாமா பானெட்டைத் திறக்கப் போனார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. எப்ப ஆடுது, அதைச் சொல்லுங்க."

"அறுபதைத் தாண்டினா."

"பிரேக் மிதிச்சா அதிகமாகுதுங்களா?"

"இல்லீங்க."

"ஆக்சிலரேட்டரை விட்டா அடங்குதுங்களா?"

"இல்லீங்க."

"ஆடுறது ஸ்டியரிங்கா, சீட்டா?"

மாமா என்னைப் பார்த்தார். "சீட்டுதான்!" என்றேன், இடுப்பைத் தடவிக்கொண்டே.

அவ்வளவுதான் விசாரணை. பெரியவர் கணக்கு எளிமை. பிரேக் மிதித்தால் உதறினால் பிரேக் டிரம்மோ டிஸ்க்கோ கோணலாகியிருக்கும். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் உதறினால் ஷாஃப்ட்டின் கிராஸையோ இன்ஜின் மவுன்டிங்கையோ பார்க்க வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஏறியபிறகும் வண்டி குதித்துக்கொண்டே போனால் ஷாக் அப்சார்பர். ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட் ஆடினால் பின்சக்கரம். லோடு இல்லாத பிக்கப் கொஞ்சம் தூக்கிப் போடுவது நோயே இல்லை. பாரம் சுமக்கச் செய்த ஸ்பிரிங் பட்டைகள், வெறும் வண்டிக்கு வளைந்து கொடுக்காது.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துப் பின்பக்கம் ஜாக்கி ஏற்றினார். செங்கல் மேல் கையை ஊன்றி, டயரைத் தொட்டும் தொடாமலும் ஒரு சாக்பீஸைப் பிடித்தபடி சக்கரத்தைச் சுற்றினார். டயர் வட்டமாக இருந்தால் கோடு சுற்றிலும் விழ வேண்டும். விழுந்தது ஒரே இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு. அங்கே டயர் புடைத்திருந்தது! ரீட்ரெட் செய்த பட்டை, உள்ளே விட்டுப் பிரிந்துகொண்டிருந்தது.

"மலைக்குப் போறீங்களா? அங்க இருபதுலதான் ஏறுவீங்க. அந்த ஸ்பீடுல வண்டி ஆடாது. நல்லாயிடுச்சுன்னு நினைச்சுப்பீங்க. லோடு ஏத்திட்டு இறங்கறப்ப..."

முடிக்கவில்லை. வெல்டிங் சத்தம் மட்டும் கேட்டது. மாமா ஒன்றும் பேசாமல் எதிர்க்கடைக்குப் போய் இரண்டு புது டயர் வாங்கி வந்தார். பெரியவர் கேட்ட கூலி 150 ரூபாய்.

காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதாவதில் எட்டிப் பார்த்தேன். கீழே ஊர் தீப்பெட்டி சைஸில் தெரிந்தது. அந்தப் பழைய டயரோடு, முதுகில் பலாப்பழ மூட்டையோடு இதே வளைவில் இறங்குவதை நினைத்ததும் உள்ளங்கை வேர்த்தது. மாமா ஹாரன் அடிப்பதைத் தவிர வாயே திறக்கவில்லை.

மேலே செம்மேட்டில் குதிரை மீது வல்வில் ஓரி சிலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவன் என்கிறது சங்கப் பாட்டு. விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். அண்ணாந்து பார்த்தார்.

"அவரு ஒரே அம்புல அஞ்சு உசிரை எடுத்தாரு. நம்ம பெரியவர் ஒரே சாக்பீஸ்ல ரெண்டு உசிரைக் காப்பாத்திட்டாரு மாப்ளே... எங்கே, அந்த சாக்பீஸ் துண்டை வாங்கி வந்தியா?"