செம்பு ஊசி சொல்லும் செய்தி

(பத்தாம் வகுப்பு மாணவி, கனகம்மாசத்திரம்)

ஊசி மிகச் சிறிய பொருள். கீழே விழுந்தால் சற்று நேரம் தேடுவோம், கிடைக்காவிட்டால் மறந்துவிடுவோம். அப்படி யாரோ மறந்துவிட்ட ஓர் ஊசி, ஈராயிரம் ஆண்டுகள் கழித்து நம்மோடு பேசுமென்றால் வியப்பாக இல்லையா, தோழியரே?

இங்கிலாந்தில் உலோகம் காட்டும் கருவியோடு வயல்களில் தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர், உரோமர் காலத்து ஊசிகளைக் கண்டெடுப்பதுண்டு. நம் தமிழகத்திலும் பழமையான ஊசி உண்டு. சிவகங்கை மாவட்டம் கீழடியில் செம்பு ஊசி, தக்களிகள், எலும்பாலான கூர்முனைக் கருவிகள் ஆகியவை கிடைத்ததாகத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. அங்கே நெசவு செழித்திருந்தது என்பதற்கு இவையே சான்றுகள்.

அக்காலத்தில் இந்தியத் துணி கடல் கடந்தும் சென்றது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் கிடைத்துள்ளன. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, உரோம நாட்டுச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன.

என் தாயார் வீட்டிலேயே இரவிக்கை தைத்துக் கொடுத்து என்னைப் படிக்க வைக்கிறார். "என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், "சும்மா தையல்தான்" என்பார். கீழடி ஊசியைப் பற்றிப் படித்துக் காட்டினேன். "மன்னர் வாளை மட்டுமல்ல, ஊசியையும் எடுத்து வைத்தார்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றுமுதல் "சும்மா" என்ற சொல்லை அவர் விட்டுவிட்டார்.

கீழடியின் பெருமையை முதலில் உணர்ந்தவர் பெரிய ஆராய்ச்சியாளர் அல்லர். பள்ளி ஆசிரியர் ஒருவர். 1970களில், தம் மாணவர் வழியே தெரியவந்த பழம்பொருள்களின் அருமையை அறிந்து, அரசுக்குத் தெரிவித்தார் ஆசிரியர் பாலசுப்பிரமணியம். அகழாய்வு தொடங்கியதோ 2015இல்தான். பின்னர், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கண்டறிந்தனர். ஆழத்தைக் குறிக்காமல் பறித்திருந்தால் அதன் முழுக் கதையும் நமக்குக் கிட்டியிராது.

நம் திருவள்ளூர் மாவட்டமும் பழமையில் குறைந்ததன்று. அத்திரம்பாக்கத்தில் 1863இலேயே கற்காலக் கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. ஆகவே வயலிலோ ஏரிக்கரையிலோ பழம்பொருள் தென்பட்டால், தோண்டி எடுக்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுவோம். மண்ணில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

ஊசி போன வழியே நூல் போகும் என்பார்கள். சிறிய பொருளையும் மதிக்கும் கண் நமக்கிருந்தால், அதன் வழியே வரலாறும் வரும்.