கேபிளும் தரவுதான்

மொழியியல் முதுகலையில் ஒலியியல் உண்டு, தொடரியல் உண்டு, களப்பணி முறையியலும் உண்டு. ஒலிவாங்கிக்கும் பதிவுக் கருவிக்கும் நடுவே கிடக்கும் கேபிளைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. முனைவர் பட்ட ஆய்வுக்காக ஜார்க்கண்டில் முண்டாரி மொழியைப் பதிவுசெய்யத் தொடங்கிய பிறகே, அந்தக் கேபிளும் என் தரவின் பகுதி என்பது எனக்கு விளங்கியது.

முண்டாரியில் சில சொற்களின் ஈற்று மெய், குரல்வளையை இறுக்கி ஒலிக்கப்படுகிறது. அவ்விடத்தில் குரல் கரகரப்பாகும்போது குரல்நாண்களின் அதிர்வு 70 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் இறங்கலாம். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணோ 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் உடன் வரும். ஆக, நான் அளக்க விரும்பும் இடத்திலேயே மின்சார ரீங்காரமும் குடியிருக்கிறது. பேச்சே இல்லாத இடத்திலும் பிராட் மென்பொருள் 100 ஹெர்ட்ஸில் நேர்கோடு காட்டும். வடிகட்டியால் அதை நீக்க முனைந்தால் குரலின் ஒரு பகுதியும் சேர்ந்து போய்விடும்.

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்த ரீங்காரம் நெடுநாள் இருந்தது. மலிவான கேபிள்தான் காரணம் என்றார்கள். ஆனால் அதில் நல்ல கவச உறை இருந்தது. உறை இருந்தால் மட்டும் போதாது. டியூப்லைட்டும் சுவருக்குள் ஓடும் வயரும் தம் மின்புலத்தால் உறையில் இரைச்சலைத் தூண்டுகின்றன. அது இறங்கிப்போக எர்த் வேண்டும். எதனோடும் இணையாத உறை, தான் வாங்கிய இரைச்சலை உள்ளிருக்கும் கம்பிக்கே கொடுத்துவிடும்.

எங்கள் சிக்கல் இதற்கு நேர்மாறானது. மிக்ஸர் ஓர் அறையிலும் கணினி மற்றோர் அறையிலும் மின்சாரம் பெற்றன. இரண்டு எர்த்துகளையும் கேபிளின் உறை இணைத்தது. அவற்றிடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலும் உறைவழியே மின்னோட்டம் சுற்றும். அந்தச் சாதாரணக் கேபிளில் சமிக்ஞை திரும்பிவரும் பாதையும் உறையே என்பதால், இரைச்சல் நேராகக் குரலோடு கலந்தது. இரு கருவிகளையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகியதும் ரீங்காரம் பெரிதும் அடங்கியது. பின்னர் இரு சமிக்ஞைக் கம்பிகள் கொண்ட பாலன்ஸ்டு கேபிளுக்கு மாறி, உறையை ஒரு முனையில் மட்டும் இணைத்தோம். எஞ்சியதும் மறைந்தது.

'எப்போதும் ஒரு முனையில் மட்டும்' என்று இதை விதியாக்கிவிடக் கூடாது. கண்டென்சர் ஒலிவாங்கிக்குச் செல்லும் 48 வோல்ட் மின்சாரம் உறைவழியாகவே திரும்புகிறது; அங்கே இரு முனைகளும் இணைந்திருக்க வேண்டும். ஒலிவாங்கி வேறு எர்த்தைத் தொடாததால் சுற்று உருவாவதில்லை. செல்பேசியின் உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கவும் பொதுவாக இரு முனை இணைப்பே நல்லது. பார்க்க வேண்டியது ஒன்றே: தாழ்ந்த அதிர்வெண்ணில், சமிக்ஞையின் பாதை இரண்டு எர்த்துகளுக்குப் பாலமாகிறதா என்பது.

ரீங்காரத்தை ஒழிக்கச் சிலர் மூன்று பின் பிளக்கின் தடித்த பின்னை வெட்டிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கேபிள் உறையின் எர்த் இரைச்சலுக்கானது. பிளக்கின் எர்த் உயிருக்கானது.

ஊர்களில் நான் மின்சாரத்தையே நாடுவதில்லை. பதிவுக் கருவி பேட்டரியில் ஓடுகிறது. பேச்சைத் தொடங்குமுன் அரை நிமிடம் வெற்று அறையைப் பதிவுசெய்து, 50, 100, 150 ஹெர்ட்ஸில் கோடுகள் எழுகின்றனவா என்று பார்க்கிறேன். எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி மூச்சு வாங்க வாங்க ஒரு மணி நேரம் கதை சொல்கிறார். அந்தக் கதையை அதே குரலில் இன்னொரு முறை கேட்கும் வாய்ப்பு எனக்கோ, எனக்குப் பின் வரும் ஆய்வாளருக்கோ இல்லாமல் போகலாம். களப்பணிக்குக் கிளம்பும் மாணவர்கள் வினாநிரலைச் சரிபார்க்கும் கையோடு கேபிளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.