சோப்பில் தோண்டிய குழி

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கோவையில் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையில் அறுபது உருப்படி ஸ்கிராப் ஆனது. காரணம் நான். பழி விழுந்தது மில்லிங் மெஷினில் நின்ற அண்ணன் மேல்.

கையடக்கமான இரும்புக் கட்டை அது. இடமிருந்து வலமாக ஊடுருவும் ஒரு துளை. ஒரு முகத்தில் மட்டும் அதன் வாயை 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அகலப்படுத்த வேண்டும். கவுண்டர் போர் என்போம். இடது கோடியை ஒட்டி, மேலிருந்து கீழே இறங்கும் இன்னொரு துளையும் உண்டு. அதனால் கட்டையைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க வழியில்லை. டிராயிங்கில் எலிவேஷனும் (முன்னால் நின்று பார்த்த தோற்றம்) அதற்கு வலப்பக்கம் ஒரு சைடு வியூவும். சைடு வியூவில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம், இரண்டும் முழுக்கோடு.

தோற்றங்களைத் தாளில் அடுக்க இரண்டு முறை உண்டு. நான் டிப்ளமோவில் படித்தது ஃபர்ஸ்ட் ஆங்கிள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்.பி. 46 சொல்வதும் அதைத்தான். பொருள் நமக்கும் தாளுக்கும் நடுவே நிற்பதாகக் கொள்வதால், இடப்பக்கம் நின்று பார்த்தது வலப்பக்கம் போய் விழும். மேலிருந்து பார்த்த தோற்றமான பிளான் எலிவேஷனுக்குக் கீழே வரும். அமெரிக்காவில் தேர்டு ஆங்கிள். பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடி மேலேயே வரைந்து, பிறகு பெட்டியை விரித்த மாதிரி. வலப்பக்கம் பார்த்தது வலப்பக்கத்திலேயே இருக்கும், பிளான் மேலே ஏறும். அந்த ஆர்டர் அமெரிக்காவுக்கு என்று எனக்குத் தெரியும். தாளின் மூலையிலிருந்த டைட்டில் பிளாக்கில் அடையாளமும் போட்டிருந்தார்கள்: நுனி வெட்டிய கூம்பு, பக்கத்தில் இரண்டு வட்டம். கூம்பின் குறுகிய முனை வட்டங்களின் பக்கம் இருந்தால் தேர்டு ஆங்கிள், அகன்ற முனை இருந்தால் ஃபர்ஸ்ட். அந்த மூலைக்கு என் கண் போகவே இல்லை. ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்றே படித்து, இடது முகத்தில் கவுண்டர் போர் போடச் சொன்னேன்.

அண்ணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கை கழுவும் சோப்பை எடுத்து வந்து, ஆணியால் ஒரு பக்கம் குழி தோண்டி, டிராயிங் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், எலிவேஷன்ல டாட்டட் லைன் வலது கோடியிலதானுங்க அகலமாகுது? அப்ப குழி வலதுலதான வரோணும்?"

நூற்றுக்கு நூறு சரி. உள்ளே மறைந்திருக்கும் விளிம்பைக் காட்டத்தான் விட்டுவிட்டுக் கோடு போடுவது. ஒரு தோற்றம் சொல்வதை இன்னொன்று மறுப்பதுபோல் தெரிந்தால், படிக்கிறவன் நின்று யோசிக்க வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் நாலு பேர் முன்னால் அவர் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

"வரைஞ்சவங்க தப்பாப் போட்டிருப்பாங்க. நான் சொல்ற பக்கம் போடுங்க" என்றேன்.

போட்டார். அறுபதும் திரும்பி வந்தன. முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது, "நான் சரியாத்தான் சொன்னேன், ஜாப்பைத் திருப்பிக் கட்டிட்டார்" என்று சொன்னேன். யோசித்து, வார்த்தை பார்த்துச் சொன்ன பொய். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இரண்டு மாசம் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள்.

குழி தோண்டிய சோப்பு தண்ணீர்த் தொட்டி மேலேயே கிடந்தது. அது கரைந்து தீரும்வரை தினமும் சாயங்காலம் நானும் அதில்தான் கை கழுவினேன்.

முதலாளி இன்று இல்லை. அண்ணன் இருக்கிற இடம் எனக்குத் தெரியும், ஒரே பஸ்ஸில் போய்விடலாம். இன்னும் போகவில்லை.