கம்பெனி வண்டியும் நீர் மாத்திரையும்

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். உடம்பில் எதையாவது செய்துகாட்டுகிற மாத்திரையைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். லாசிக்ஸ் என்கிற நீர் மாத்திரையைப் போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் பிரிகிறது. சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைத்தால் நெஞ்சின் இறுக்கம் விட்டு, தலை விண்விண்ணென்று வலிக்கிறது. இவை 'கேக்குற' மருந்துகள். கொழுப்புக்குத் தருகிற அடார்வாஸ்டாடின் வருடக்கணக்கில் போட்டாலும் ஒன்றும் காட்டாது. கையில் காசு குறைந்த மாதம் முதலில் விடுபடுவது அதுதான். "அது வேணாம் தம்பி, அதால ஒண்ணும் தெரியல" என்பார்கள்.

ஆம்பூரில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டுக் கலவையில் சொந்தக்கடை போட்டவன் நான். அங்கே தோல் ஷாப்பு ஆட்களும் ஷூ கம்பெனி ஆட்களும் வருவார்கள். இங்கே நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள், கூடவே ராணிப்பேட்டைப் பக்கம் கம்பெனி வண்டியில் போய்வரும் பெண்கள். சீட்டு வேலூர் சி.எம்.சி.யிலிருந்து வரும், அடுக்கம்பாறையிலிருந்து வரும், வாலாஜா அரசு மருத்துவமனையிலிருந்து வரும். எழுதுவது டாக்டர். எழுதியதில் எது வயிற்றுக்குள் போகவில்லை என்பது கடைக்காரனுக்குத்தான் முதலில் தெரியும். அடுத்த மாதம் வாங்காமல் விட்ட அட்டை எதுவென்று அவனுக்குத் தெரியுமே.

"இதுல எதுப்பா ஹார்ட் மாத்திரை?" என்று ஐந்து அட்டைகளைப் பரப்பிவைத்துக் கேட்பார்கள். விவசாயியாக இருந்தால் கிணற்று மோட்டாரைச் சொல்வேன். பைப் அடைத்துக்கொள்ளலாம், மோட்டாரே வலுவிழக்கலாம், ஃபுட்வால்வு பழுதாகலாம், கரண்ட் தாறுமாறாக வரலாம். எதுவானாலும் வயலுக்குத் தண்ணீர் வராது, ஆனால் ரிப்பேர் வேறு வேறு. ரத்தக்குழாய் அடைப்புக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், முன்னே சொன்ன அடார்வாஸ்டாடின். இதயத்தசை வலுவிழந்தவருக்கு நீர் மாத்திரையோடு எனாலாபிரில், மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன் வகையறா. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை நமக்குக் கேட்காமல் போவது இதனால்தான்.

நீர் மாத்திரை நம்பிக்கைக்குரிய மாத்திரை என்றேன். அதையும் விடுகிறவர்கள் உண்டு, அது நன்றாக வேலை செய்வதாலேயே. ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கும் ஒரு அக்கா, இதயம் வலுவிழந்து எக்கோ எடுத்தவர். சீட்டில் லாசிக்ஸ் காலையில் என்று இருந்தது. ஆனால் மாதத்துக்கு ஒரு அட்டைகூடத் தீரவில்லை. கேட்டதும் முதலில் சிரித்தார், பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காலைல போட்டுட்டு வண்டி ஏறினா நடுவுல எங்க நிறுத்தச் சொல்றது? லைன்ல உக்காந்தாலும் சூப்பர்வைசர்கிட்ட எத்தினி வாட்டி கேக்கறது?" ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டிருக்கிறார். வியாழக்கிழமைக்குள் கால் வீங்கிவிடும். ராத்திரி படுத்தால் மூச்சு வாங்கும், ரெண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவார்.

இதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. ஆண் டாக்டர், பின்னால் நீண்ட வரிசை, எப்படிச் சொல்வார்? சீட்டின் பின்புறம் நான் இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்பினேன். நேரம் சாயங்காலத்துக்கு மாறி வந்தது. அந்த மாத்திரையின் வேகமெல்லாம் முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான், ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். வண்டி இறக்கிவிட்டதும் போட்டால் தூங்கப்போவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். கடையில் எடை மிஷின் வைத்திருக்கிறேன், காசு வாங்குவதில்லை. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, நீர். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். உப்பைப் பற்றித் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பச்சைத்தோலில் உப்பைக் கொட்டினால் அது நீரை எப்படி இழுக்கும் என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். வயிற்றுக்குள் போன உப்பு அதே நீரை உடம்பிலேயே பிடித்துவைக்கிறது என்று சொன்னால், கருவாட்டை அந்த வாரமாவது தள்ளிவைப்பார்கள்.

எனாலாபிரிலின் கதை வேறு. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராயப்போய்க் கிடைத்த வழி அது. அதே வகையில் முதலில் வந்த கேப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரஷருக்கும் தருகிற நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். இந்தப் பக்கத்தில் இருமல் என்றால் தோல் தூசு என்பார்கள், இல்லாவிட்டால் டி.பி. என்று பயப்படுவார்கள். சளி இல்லாத இருமலுக்கு மாதம் தவறாமல் சிரப் வாங்குகிற ஆளைப் பார்த்தால் அவருடைய பிரஷர் மாத்திரை எதுவென்று நான் கேட்டுவிடுவேன். டாக்டர் அதை லோசார்டான் வகைக்கு மாற்றினால் சில வாரங்களில் இருமல் நின்றுவிடும். சிரப் வியாபாரம் போகும், போகட்டும். மூக்கடைப்பு மருந்து கலந்த சிரப்புகள் பிரஷரை ஏற்றவும் செய்யும்.

டாபாக்ளிஃப்ளோசினை நீட்டினால் சண்டைக்கே வருவார்கள். "எனக்கு சுகரே இல்ல, சுகர் மாத்திரையைக் குடுக்கறியே!" சர்க்கரை இல்லாதவருக்கும் வலுவிழந்த இதயத்துக்கு அது உதவும் என்று 2019இல் தெளிவானது. மறுவருடமே இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலை இறங்கியது. பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம் என்பதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது வந்த அன்றே மாத்திரை குப்பைக்குப் போகும், ஏன் என்று யாரும் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய காரியம். கூடவே எங்களுக்கு ஒரு புது வேலையும் வந்தது. அரசு அட்டையில் மருந்தின் பெயர் மட்டும் இருக்கும், கடை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். இரண்டும் ஒரே ஆம்லோடிபின் என்று தெரியாமல் இரண்டையும் போட்டுவிட்டுக் கால் வீங்கித் தலைசுற்றி வருகிறவர்கள் உண்டு. அதனால் வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் பையோடு கொண்டுவரச் சொல்வேன்.

நெஞ்சு அடைக்கிறது, காஸ் மாத்திரை கொடு என்று வேர்த்து விறுவிறுத்து வருகிற ஆளுக்கு மட்டும் நான் எதையும் விற்பதில்லை. உட்காரவைத்து 108க்கு அடிப்பேன். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மூன்றுமாகச் சேர்த்து 14 மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். யாரும் மதிக்காத அந்தக் கொழுப்பு மாத்திரைதான் அதில் எட்டு.

வால்வுக்காரர்கள் தனி ரகம். பெரும்பாலும் இளவயசு, பெரும்பாலும் பெண்கள். சின்ன வயதில் தொண்டைப்புண், பிறகு மூட்டுவலிக் காய்ச்சல், அது உள்ளே வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டிருந்தால் பல பேருக்கு இந்த அளவுக்கு முற்றியிருக்காது. செயற்கை வால்வு வைத்தவர்களில் சிலருக்கு நம் நாட்டிலேயே செய்த டி.டி.கே. சித்ரா வால்வு இருக்கும். திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் உருவாகி 1990 டிசம்பரில் முதல்முதலாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது அது. உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமல் வைக்கிற அசிட்ரோம் மாத்திரை ஆயுள் முழுக்க. குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், கூடினால் எங்காவது கசியும். ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து, இன்றைக்கு 2 மில்லிகிராம், நாளைக்கு 3 என்று காலண்டரில் எழுதிப் போடுகிற வீடுகள் உண்டு. முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டாம், ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் கிடையாது என்று மட்டும் இருக்கக்கூடாது. பல்வலிக்கும் பேதிக்கும் எழுதுகிற மெட்ரோனிடசோல் இதன் வேகத்தை ஏற்றிவிடும் என்பதால், யாருக்கு என்று கேட்காமல் அதை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை வந்திருக்காமே என்று யூடியூப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். உலோக வால்வுக்கு அது ஆகாது. சுருங்கிய வால்வோடு துடிப்பும் தாறுமாறாக இருப்பவர்களுக்குக்கூடப் பழைய மருந்துதான் மேல் என்று 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டிவிட்டது.

போன தை மாதம் ஒரு அம்மா, மகளுக்கு அசிட்ரோம் வாங்கிக்கொண்டே பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த மாத்திரை குழந்தையைப் பாதிக்கலாம், அதற்காக நாமாக நிறுத்தினால் தாயின் வால்வு அடைத்துக்கொள்ளும், நாள் தள்ளுவதற்கு முன்பே இதய டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "ஆபரேஷன் விஷயமே அவங்களுக்குத் தெரியாது தம்பி" என்றார். சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு, ஆனால் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிற வீட்டில் வேளை தவறும், அசிட்ரோமில் வேளை தவறக்கூடாது என்றேன். இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு போனார்.