பம்பாய் யாருக்கு?

மாட்டுங்கா,
மே 2

அன்புள்ள கமலா,

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகி இத்தனை வருஷமாகியும் லெஸ்டரில் அந்தச் சண்டை ஓயவில்லை என்று அங்கே இருக்கும் உன் மகள் சொன்னதாக எழுதியிருந்தாய். இங்கே நேற்று மகாராஷ்டிர தினம், ஊரெங்கும் விடுமுறை. அதுவும் ஒரு பிரிவினையின் ஆண்டுவிழாதான். 1960 மே 1 அன்று பம்பாய் மாநிலம் மகாராஷ்டிரம், குஜராத் என இரண்டானது. இருமொழி மாநிலமாகச் சேர்ந்து வாழ்ந்தது மூன்றரை வருஷம். அதற்கு முன்னும் பின்னுமாகச் சிந்திய ரத்தம் அதிகம்.

நான் தங்கியிருக்கும் கட்டடத்தில் பாலக்காட்டுத் தமிழர்களும் கட்ச் குஜராத்திகளும் சரிபாதி. வீட்டுக்கார மாமி அப்போது பள்ளிச் சிறுமி. அவருடைய அப்பா கோட்டைப் பகுதியில் ஸ்டெனோ. கலவர நாளில் டிராம் ஓடாமல், அங்கிருந்து மாட்டுங்கா வரை நடந்தே வந்தாராம். “நாம எந்தப் பக்கம்ப்பா?” என்று மாமி கேட்டதற்கு, “சம்பளம் எந்தப் பக்கத்திலேர்ந்து வரதோ அந்தப் பக்கம்” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாராம்.

சண்டை முழுக்க பம்பாய் என்ற இந்த ஒரு ஊருக்காகத்தான். மராத்தியர் அதிகம் வாழும் ஊர், ஆனால் மில்லும் மூலதனமும் பெரும்பாலும் மற்றவர் கையில். 1956 ஜனவரியில், பம்பாய் நகரம் மத்திய ஆட்சிக்குப் போகும் என்று நேரு அறிவித்ததும் ஊர் பற்றிக்கொண்டது. மத்திய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அதை எதிர்த்துப் பதவியைத் துறந்தார். அந்த நவம்பரில் எல்லோரையும் ஒரே இருமொழி மாநிலத்துக்குள் போட்டுப் பூட்டினார்கள். போராட்டத் தலைவர்களாக மராத்தியர் பக்கம் அத்ரே, டாங்கே, எஸ்.எம். ஜோஷி, குஜராத்திகள் பக்கம் இந்துலால் யாக்ஞிக். இரு தரப்பும் கேட்டது பிரிவினைதான். இங்கே நடந்த போராட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். அவர்கள் நினைவாகத்தான் ஃபுளோரா ஃபவுண்டன் ஹுதாத்மா சௌக் ஆனது. (ஆந்திரம் பிரிந்தபோது சென்னைக்கும் இதே வழக்கு நடந்ததே, நம் வீட்டுப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பாய்.)

இவ்வளவு நடந்தும், பிரிந்த மறுநாள் அகமதாபாத் ரயில் வழக்கம்போலப் புறப்பட்டது. சுங்கச்சாவடி இல்லை, பாஸ்போர்ட் இல்லை, அதே ரூபாய். குஜராத்துக்குத் தனி உயர் நீதிமன்றம் வந்தது. புதுத் தலைநகரம் கட்ட மகாராஷ்டிரம் பணம் கொடுத்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை முதலில் 3,900 கோடி பவுன் என்று போட்டு வருஷக்கணக்கில் இழுபறி பட்டார்களே, அந்த மாதிரிக் கணக்குதான் இதுவும். ஆனால் இங்கே சண்டை போட்ட இருவருக்கும் மேலே டெல்லி என்று ஒரு கூரை இருந்தது. 2016-இல் 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றபோது பிரிட்டன் வெளியேறியது அப்படிப்பட்ட கூரையை விட்டே. அதனால்தான் தன்னுடைய பகுதியான வட அயர்லாந்துக்குப் போகும் சரக்கைக்கூடச் சோதிக்க வேண்டி வந்தது.

இப்படிச் சொன்னதும் மாமி என்னை மடக்கினார். “பிரிஞ்சதோட தீர்ந்துதுன்னா நெனச்சே? அப்புறம்தானே நம்மகிட்ட வந்தா!”

உண்மைதான். மாநிலம் பிறந்த அதே 1960-இல் பால் தாக்கரே ‘மார்மிக்’ பத்திரிகையைத் தொடங்கினார். ஆபீஸ்களில் இருக்கும் தென்னிந்தியர்களின் பெயர்களை அதில் பட்டியல் போட்டார். 1966-இல் சிவசேனை கட்சியையும் தொடங்கினார். உடுப்பி ஹோட்டல்களில் கல் விழுந்தது. ‘பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி’ (குழலை ஊது, லுங்கியை விரட்டு) என்ற கோஷம் இந்தத் தெருக்களிலும் கேட்டது. மாமியின் அப்பா கொஞ்சநாள் ஆபீசுக்குத் தமிழ்ப் பத்திரிகை எடுத்துப் போவதை நிறுத்திவிட்டாராம். மராத்தியருக்கு மாநிலம் கிடைத்துவிட்டது, வேலை கிடைக்கவில்லை. அந்தக் கோபம் மூலதனம் வைத்திருந்தவர் மேல் அவ்வளவாகப் போகவில்லை. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் மேல்தான் போயிற்று. நான் தமிழச்சி என்பதால் இப்படித் தோன்றுகிறதோ என்னவோ. ஆனால் எதிர்வீட்டுக் கட்ச் அம்மாளும் இதையேதான் சொன்னார், கையில் ஒரு தட்டு டோக்ளாவோடு.

மகளிடம் ஒன்று கேட்டு எழுது. அங்கே முதலில் போலந்துக்காரர்களைத்தானே குறை சொன்னார்கள்? அவர்களில் நிறையப் பேர் ஊர் திரும்பிவிட்டார்களாமே. இப்போது யாரைச் சொல்கிறார்கள்?

அன்புடன்,
ராஜி