லண்டன்ல ஒரு வீடு, கிள்ளான்ல ஒரு கையெழுத்து



போன மாசம் வெள்ளிக்கிழமை அன்னதானத்துல என்னைக் காணோமேன்னு பல பேர் கேட்டீங்க. மகனைப் பார்க்க லண்டன் போயிருந்தேன். பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிறவங்க இதைக் கடைசி வரைக்கும் படிங்க.

மகனும் மருமகளும் மேனர் பார்க்ல வாடகைக்கு இருக்காங்க. தபால் வட்டாரம் ஈ12. லண்டன் ஸ்ரீ முருகன் கோயில் அங்கதான் இருக்கு. காலையில நடந்தே போய் கும்பிட்டுட்டு வருவேன். வரிசையா ஒட்டிக் கட்டின பழைய வீடுங்க, கூப்பிடு தூரத்துல தமிழ்க்கடைங்க. நம்ம ஊர் மாதிரியேதான் இருந்துச்சு, விலையைக் கேக்கற வரைக்கும்!

2022 மே மாசம் எலிசபெத் லைன் திறந்தாங்க. அந்த ரயில் மேனர் பார்க்லயே நிக்குது. நடு லண்டன்ல வேலை செய்யறவங்களும் இப்ப அங்க வீடு தேடறாங்க. பேங்க் வட்டியும் சும்மா இல்ல. 2021-ல 0.1 விழுக்காடா இருந்த அடிப்படை வட்டி, 2023 ஆகஸ்ட்ல 5.25 ஆச்சு. அப்புறம் கொஞ்சம் இறங்கினாலும் பழைய நிலைக்கு வரல.

பிள்ளைங்க பார்த்து வச்சது ரெண்டு ரூம் ஃபிளாட், 320,000 பவுண்டு. பேங்க் பொதுவா வருஷச் சம்பளத்துல நாலரை மடங்கு வரைக்கும்தான் கடன் குடுக்கும். ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து 64,000. கடன் 288,000 கிடைக்கும். மீதி 32,000-ஐ ஆறு வருஷமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்திருந்தாங்க. முதல் வீடு வாங்கறவங்களுக்கு முத்திரை வரியில சலுகை உண்டு. அதனால வரி 1,000 பவுண்டுதான்னு நினைச்சிருந்தாங்க.

வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உலகத்துல எங்கயாவது உங்க பேர்ல வீடு இருக்கா?"

மகன் என்னைப் பார்த்தான். எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு.

2019-ல நம்ம தாமான் வீட்டு கிராண்ட்ல அவன் பேரையும் சேர்த்தவன் நான்தான். எனக்குப் பின்னால அலையக்கூடாதுன்னு ஆசையா செஞ்சது. அந்த ஒரு கையெழுத்தால அவன் அங்க முதல் வீடு வாங்கறவன் இல்ல. அவன் பங்கு 40,000 பவுண்டுக்கு மேல இருக்கிறதால ரெண்டாவது வீட்டுக்கான கூடுதல் 5 விழுக்காடும் சேரும். 1,000 எங்க, 22,000 எங்க! மருமகள் பேர்ல மட்டும் வாங்கலாமான்னு கேட்டோம். கணவன் மனைவியை ஒண்ணாத்தான் பார்ப்பாங்களாம்.

அந்த ஃபிளாட் கைவிட்டுப் போச்சு. "ப்பா, நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, விடுங்க"ன்னான். அவன் திட்டியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

இப்ப இங்க அவன் பேரை எடுக்க வக்கீலைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். எடுத்தா அந்தக் கூடுதல் வரி போயிடும், 6,000 கட்டினாப் போதும். ஆனா முதல் வீட்டுச் சலுகை திரும்பி வராது.

நம்மள்ல பல பேர் பாசத்துல பிள்ளைங்க பேர்ல வீடு எழுதறோம். எழுதறதுக்கு முன்னாடி, அவங்க இருக்கிற நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. உயில் எழுதி வச்சாலும் பாசம் பாசம்தான்.

முருகன் துணை. வெள்ளிக்கிழமை காய்கறி நறுக்க வந்துடறேன்.