இரண்டு பெண்கள் சேர்ந்தால்

போளூரில் பட்டுத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவள் நான். இரைச்சல் எனக்குப் புதிதல்ல. ஆனால் அது பிழைப்பின் இரைச்சல். பெண்கள் தங்கள் விருப்பத்துக்கு எழுப்பும் இரைச்சலை ‘சைரன்ஸ்’ ஆவணப்படத்தில்தான் கேட்டேன்.

ரீட்டா பாக்தாதி இயக்கி, 2022இல் வெளிவந்த படம். லெபனான் நாட்டின் பெய்ரூட்டில் ஐந்து பெண்கள் நடத்தும் ‘ஸ்லேவ் டு சைரன்ஸ்’ என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவைப் பற்றியது. கேமரா மேடையைவிட வீட்டுக்குள்தான் அதிகம் இருக்கிறது. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருத்தியான லிலாஸ் பிள்ளைகளுக்கு இசை சொல்லித் தருகிறாள். தான் காதலிப்பது ஒரு பெண்ணை என்பதை அம்மாவிடம் மறைக்கிறாள். 2019இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவுக்குப் போகிறார்கள். எதிரே நிற்பவர்கள் கொஞ்சம் பேர்தான். தெருவில் போராட்டங்கள் நடக்கின்றன, 2020 ஆகஸ்டில் துறைமுகம் வெடிக்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது லிலாஸுக்கும் உடன் தொடங்கிய ஷெரிக்கும் வந்த சண்டை. ஷெரி விலகுகிறாள். பிறகு இருவரும் மறுபடி பேசுகிறார்கள். படம் அதைப் பொறாமை என்று சிரிக்கவில்லை. இரண்டு கலைஞர்களின் சண்டையாகவே காட்டுகிறது.

நானும் என் தோழியும் சேர்ந்து ரவிக்கை தைத்தோம், முந்தானைக்குக் குஞ்சம் கட்டினோம். இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. ஒரு புது மாதிரி யார் யோசித்தது, கூலியை எப்படிப் பிரிப்பது என்று முட்டிக்கொண்டோம். “ரெண்டு பொம்பளைங்க சேர்ந்தா உருப்படுமா?” என்றது தெரு. அண்ணன் தம்பி கடையைப் பிரித்தால் அதற்குப் பெயர் பாகப்பிரிவினை. எங்களுடையது குழாயடிச் சண்டை. நானும் அதை நம்பி, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

காஷ்மீரில் ‘பிரகாஷ்’ என்று ஒரு ராக் குழு இருந்தது. மூன்று பள்ளி மாணவிகள். 2012 டிசம்பரில் மேடையேறினார்கள். இணையத்தில் மிரட்டல், தலைமை முஃப்தியின் ஃபத்வா. 2013 பிப்ரவரியில் குழுவே இல்லை. தங்களுக்குள் சண்டை போட்டுப் பிரியக்கூட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

படம் முடிந்த மறுநாள் தோழிக்குப் போன் செய்தேன். “என்னடி, ஆறு வருஷம் கழிச்சு?” என்றாள். அந்த மாதிரி அவள் யோசித்ததுதான் என்று ஒப்புக்கொண்டேன். கூலிக் கணக்கில் மட்டும் முந்நூறு ரூபாய் இன்னும் இடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள்.